வீடு எரியும் விதம் மாறிவிட்டது: தீயணைப்பு வீரர்களின் உயிர் காக்க நடக்கும் ஆராய்ச்சிகள்

ஒரு சோபாவின் ஓரத்தில் எரியும் மெழுகுதிரி ஒன்றை வைத்தார்கள். இன்னோர் அறையிலும் அதேபோல ஒரு சோபா, ஒரு மெழுகுதிரி. பிறகு விலகி நின்று நேரத்தைக் கணக்கெடுத்தார்கள்.

இரண்டு அறைகளும் ஒரே அளவு. உள்ளே இருந்த பொருட்களில்தான் வித்தியாசம். ஒன்றில் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் வீடுகளில் இருந்தவை: பஞ்சு அடைத்த சோபா, முழு மரத்தில் செய்த மேசை, பருத்தித் திரைச்சீலை, பலகைத் தரை. மற்றதில் இன்று எந்தக் கடையிலும் வாங்கக்கூடியவை: நுரைமெத்தை வைத்து பொலியெஸ்ரர் துணி போர்த்த சோபா, மரத்தூளை ஒட்டுப்பசையில் அழுத்திச் செய்த மேசை, செயற்கை இழைக் கம்பளம்.

அமெரிக்காவின் யூ.எல். ஆய்வுகூடத்தில் ஸ்ரீவன் கேர்பர் என்ற ஆய்வாளர் நடத்திய இந்தச் சோதனைகளின் முடிவுகள் 2012இல் வெளியாகின. முதற்சோதனையில் இன்றைய அறை முழுவதும் தீப்பிழம்பாக மாற எடுத்த நேரம் 3 நிமிடம் 40 செக்கன். பழைய அறைக்கு 29 நிமிடம் 30 செக்கன். அடுத்த சோதனையில் இன்றைய அறைக்கு 4 நிமிடம் 45 செக்கன், பழையதற்கு 34 நிமிடம் 15 செக்கன். மூன்றாவதில் இன்றைய அறை 3 நிமிடம் 20 செக்கனில் முழுதாகப் பற்றியது. பழைய அறை அரை மணி நேரம் கடந்தும் அந்த நிலைக்கு வரவேயில்லை.

தீயணைப்புத் துறையில் இந்தக் கணத்துக்கு ‘பிளாஷ்ஓவர்’ என்று பெயர். கூரையின் கீழ் திரளும் புகையின் வெப்பம் கூடிக்கொண்டே போய், அறையிலுள்ள எல்லாப் பொருளும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் நிலை அது. அதன் பிறகு அந்த அறையில் எவரும் உயிரோடு இருக்க முடியாது. முழுப் பாதுகாப்பு உடையோடு உள்ளே நிற்கும் தீயணைப்பு வீரருக்கும் சில செக்கன்களே மிஞ்சும்.

முன்பெல்லாம் வண்டி வந்து, குழாய் பொருத்தி, வீரர்கள் உள்ளே நுழையும்போது தீ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். இப்போது அவர்கள் வாசலுக்கு வரும்போதே அது உச்சத்தைத் தொட்டிருக்கும், அல்லது காற்றுக்காகக் காத்திருக்கும். இந்த இரண்டாவது நிலைதான் பலரது உயிரைப் பறித்தது.

மெத்தைக்குள் இருக்கும் நஞ்சு

இன்றைய மெத்தையும் சோபாவும் பெரும்பாலும் பொலியூரேத்தேன் நுரையால் ஆனவை. அது பெற்றோலியத்திலிருந்து வருவது. எரியும்போது பஞ்சையும் மரத்தையும்விடப் பலமடங்கு விரைவாக வெப்பத்தை வெளிவிடும். கூடவே காபனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் வரும். சயனைட்டு என்ற சொல்லுக்கு எமது மண்ணில் வேறொரு நினைவு உண்டு. இங்கே அது வீட்டு மெத்தைக்குள்ளிருந்து வருகிறது.

2003 பெப்ரவரியில் அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இசை விடுதியில், ஒலியைத் தடுக்கச் சுவரில் ஒட்டியிருந்த நுரையில் வாணவேடிக்கைப் பொறி பட்டது. 100 பேர் இறந்தார்கள். மூன்று ஆண்டுகளின் பின் அதே மாநிலத்தின் பிறொவிடன்ஸ் நகரில், சாதாரணமான தீவிபத்துகளுக்குப் போய்வந்த வீரர்கள் சுகவீனமுற்றபோது இரத்தத்தைச் சோதித்தார்கள். பலரிடம் சயனைட்டு கூடுதலாக இருந்தது. அதுவரை, புகை குடித்து மயங்கி விழுந்தவரின் உடலில் காபனோரொட்சைட்டை மட்டுமே தேடுவது வழக்கம். சுவாசக்கருவியை எப்போது கழற்றலாம் என்ற கேள்வியைப் பல தீயணைப்புப் படைகள் மறுபடி யோசித்தது அதன் பிறகுதான். சுவாலை அடங்கி, கரியைக் கிளறிப் பார்க்கும் நேரத்திலும் காற்றில் நஞ்சு இருக்கிறது. களைத்துப்போய் முகக்கவசத்தைக் கழற்றுவது அந்த நேரத்தில்தான்.

கதவைத் திறப்பதும் ஒரு செயல்

2007 யூன் 18 அன்று தென் கரோலினா மாநிலத்தின் சாள்ஸ்ரன் நகரில் ஒரு தளபாடக் கடை எரிந்தது. கடைக்கு வெளியே, சரக்கு இறக்கும் இடத்துக் குப்பையில் தொடங்கிய தீ அது. வீரர்கள் உள்ளே போனபோது காட்சியறையில் பெரிதாகச் சுவாலை தெரியவில்லை. ஆனால் தொங்குகூரைக்கு மேலே எரியாத புகை நிறைந்திருந்தது. அந்தப் புகையே எரிபொருள். முன்பக்கக் கண்ணாடிகள் உடைக்கப்பட்டதும் காற்று உள்ளே பாய்ந்தது. ஒன்பது வீரர்கள் வெளியே வரவில்லை. அமெரிக்கத் தேசிய தரநிலை நிறுவனம் கணினியில் அந்தத் தீயை மறுபடி உருவாக்கிப் பார்த்து, கண்ணாடி உடைந்தது தீயின் வேகத்தைக் கூட்டியது என்று கண்டது. தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருந்திருந்தால் தீ ஆரம்பத்திலேயே அடங்கியிருக்கும் என்றும் சொன்னது. கடையில் அவை இருக்கவில்லை.

புகையை வெளியேற்ற யன்னலை உடை, கூரையைத் திற என்பது தலைமுறைகளாகக் கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம். மரமும் பஞ்சும் எரிந்த காலத்தில் அது பலன் தந்தது. இப்போது அதே செயல் எப்படிக் கொல்கிறது என்பதை அறிய, யூ.எல். ஆய்வாளர்கள் சிக்காகோவுக்கு அருகே நோர்த்புறூக்கில் உள்ள தங்கள் பெரிய மண்டபத்துக்குள்ளே இரண்டு முழு வீடுகளைக் கட்டினார்கள். ஒன்று மூன்று படுக்கையறை கொண்ட ஒருதள வீடு. மற்றது இருதள வீடு. தளபாடம் போட்டு, தீ வைத்து, அணைத்து, திருத்திக் கட்டி, மறுபடி தீ வைத்தார்கள். இப்படி 15 தடவைகள்.

பூட்டிய வீட்டில் ஒட்சிசன் தீர்ந்ததும் தீ தானாக அடங்கியது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அணைந்துகொண்டிருப்பதுபோலத் தெரியும். வாசற்கதவைத் திறந்ததும் நிலைமை தலைகீழானது. ஒருதள வீட்டில், காற்று உள்ளே போனதிலிருந்து வீரர் ஒருவர் தாக்குப்பிடிக்க முடியாத வெப்பம் வரும்வரை சராசரியாக 100 செக்கன். இருதள வீட்டில் 200 செக்கனுக்குச் சற்று மேல். கதவைத் திறப்பதே காற்று கொடுப்பதுதான் என்ற எளிய உண்மை அதோடு பயிற்சிக் கையேடுகளில் ஏறியது. இப்போது பல படைகளில், குழாயில் தண்ணீர் ஆயத்தமாகும்வரை வாசற்கதவை ஒருவர் பிடித்து மூடியே வைத்திருப்பார்.

இன்னொரு பழைய நம்பிக்கையும் விழுந்தது. வெளியே நின்று யன்னல் வழியாகத் தண்ணீர் அடித்தால் அது தீயை உள்ளே இருப்பவர்கள் பக்கம் தள்ளிவிடும் என்று தீயணைப்பு வீரர்கள் உறுதியாக நம்பினார்கள். 2012 யூலையில் நியூயோர்க் துறைமுகத்திலுள்ள கவர்னர்ஸ் தீவில், இடிப்பதற்கு இருந்த 20 வெறும் வீடுகளை நியூயோர்க் தீயணைப்புத் திணைக்களமும் ஆய்வாளர்களும் சேர்ந்து எரித்தார்கள். முதலில் வெளியிலிருந்து சிறிது நேரம் தண்ணீர் அடித்ததும் வீட்டுக்குள் எல்லா அறைகளிலும் வெப்பம் இறங்கியது. தண்ணீர் தீயைத் தள்ளவில்லை. தள்ளுவது காற்றின் ஓட்டம். அடுத்த ஆண்டே நியூயோர்க் திணைக்களம் தன் நடைமுறையை மாற்றத் தொடங்கியது. அனுபவமுள்ள மூத்த வீரர்களிடம் “நீங்கள் முப்பது வருடமாகச் செய்தது பிழை” என்று சொல்வது இலகுவல்ல. தங்கள் சகாக்களே நின்று எரித்த வீடுகள் என்பதால்தான் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

உடை காக்கிறது, உடையே வருத்துகிறது

சுவாசக்கருவியின் கண்ணாடி பொலிகாபனேற்று என்ற பிளாஸ்ரிக்கால் ஆனது. ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் அது இளகத் தொடங்கும். இன்றைய வீட்டுத் தீயின் கதிர்வீச்சுக்கு முன்னால் அது கொப்பளித்து, ஓட்டை விழுந்து, வீரர் நஞ்சுக்காற்றைச் சுவாசித்து இறந்த சம்பவங்களை ஆராய்ந்த பிறகு, 2013இல் அமெரிக்கத் தரவிதி திருத்தப்பட்டது. முகக்கவசம் இனிக் கடும் கதிர்வீச்சின் முன் ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். அதுவரை உடையின் பாகங்களிலேயே பலவீனமானது மூச்சுக்கு மிக அருகில் இருந்த இந்தக் கண்ணாடிதான்.

உடை தடிப்பாகத் தடிப்பாக வெளிவெப்பம் உள்ளே வராது. உடம்பின் வெப்பம் வெளியேயும் போகாது. சுவாசச் சிலிண்டரோடு சேர்த்து 20 கிலோவுக்கு மேல் சுமந்து மாடியேறும் ஒருவரின் இதயம் என்ன பாடுபடும்? ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அமெரிக்காவில் கடமை நேரத்தில் இறக்கும் தீயணைப்பு வீரர்களில் 45 வீதமானோர் இதயநோயால் இறக்கிறார்கள். தீயோடு நேரடியாகப் போராடுவது அவர்களது வேலைநேரத்தில் மிகச் சிறிய பங்கு. ஆனால் இதய மரணங்களில் மூன்றில் ஒன்று அந்த நேரத்தில் நடக்கிறது.

தீ அணைந்த பிறகு

கரி படிந்த தலைக்கவசம் தீயணைப்பு நிலையங்களில் நெடுங்காலமாகப் பெருமைக்குரியது. எவ்வளவு அழுக்கோ அவ்வளவு அனுபவம். அந்தக் கரியில் இருந்தது என்னவென்று பார்த்தவர்கள் நோயியல் ஆய்வாளர்கள்.

சிக்காகோ, பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நகரங்களில் 1950 முதல் பணியாற்றிய ஏறத்தாழ 30,000 வீரர்களின் பதிவுகளை அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் ஆராய்ந்தது. 2013இல் வந்த முடிவின்படி, பொதுமக்களைவிட அவர்களுக்குப் புற்றுநோய் வருவது 9 வீதமும், அதனால் இறப்பது 14 வீதமும் கூடுதல். அஸ்பெஸ்ரஸ் தூசால் வரும் மீசோதீலியோமா என்ற நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2022இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என முதலாம் பிரிவில் சேர்த்தது. புகைத்தலும் அஸ்பெஸ்ரசும் இருக்கும் பிரிவு அது. 2007இல் அதே நிறுவனம் இதை வெறும் சாத்தியம் என்ற அளவில்தான் வைத்திருந்தது.

நஞ்சு மூச்சால் மட்டும் போவதில்லை, தோலாலும் போகிறது. கழுத்துப் பக்கம்தான் மோசம். சம்பவ இடத்திலேயே உடையைச் சவர்க்காரத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு தேய்த்தால் படிந்த நச்சுப்பொருட்களில் ஏறத்தாழ 85 வீதம் போய்விடுகிறது. ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தால் பாதிக்கு மேல் குறைகிறது. பெரிய செலவில்லாத வேலை. பாத்திரம் கழுவும் சவர்க்காரமே போதும்.

உடையிலேயே நஞ்சு இருந்தால்? மசாசூசெற்ஸ் மாநிலத்தில் ஒரு தீயணைப்பு வீரருக்குப் புற்றுநோய் வந்ததை அடுத்து, அவரது மனைவி அந்த உடை எதனால் ஆனது என்று கேட்கத் தொடங்கினார். அவரது விடாமுயற்சியால் நோத்ரே டாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரகாம் பீஸ்லி துணிகளைச் சோதித்தார். தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமலிருக்கச் சேர்க்கப்படும், இயற்கையில் அழியாத பி.எவ்.ஏ.எஸ். வகை இரசாயனங்கள் பெருமளவில் இருந்தன. அந்த முடிவு 2020இல் வெளியானது. தேய்மானத்தோடு துணியில் அளக்கப்படும் அளவு கூடுகிறது என்று பின்னர் தரநிலை நிறுவனமும் கண்டது. 2024இல் அந்த மாநிலம் இத்தகைய உடைகளை 2027 முதல் விற்பதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கேள்வி கேட்டது எந்த நிறுவனமும் அல்ல, ஒரு குடும்பம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2001 செப்ரெம்பர் 11 அன்று நியூயோர்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். அந்த இடிபாட்டின் தூசைச் சுவாசித்ததால் வந்த நோய்களால் இறந்த அதே திணைக்களத்தினரின் தொகை 2023 செப்ரெம்பரில் 343ஐ எட்டியது. ஒரு நாளின் சாவுகளும் இருபத்திரண்டு வருடச் சாவுகளும் சமமாகின. இந்த இரண்டாவது தொகையைச் சொல்ல முடிவது எவரோ உட்கார்ந்து எண்ணியதால். 2018இல் சட்டமாகி 2023இல் திறக்கப்பட்ட தேசியப் பதிவேடொன்றில் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் இப்போது தாங்களே பெயர் பதியலாம். யுத்தம் முடிந்த பிறகு வந்த சாவுகளை எவரும் எண்ணாத இடத்திலிருந்து வருபவர்களுக்கு அத்தகைய பதிவேட்டின் பெறுமதி விளங்கும்.

தண்ணீருக்கு அடங்காத பெட்டி

புதிய ஆபத்துகளில் இன்று ஆய்வாளர்களை மிகவும் அலைக்கழிப்பது லித்தியம் அயன் பற்றரி. கைத்தொலைபேசியில் இருப்பதும், மின்சைக்கிளில் இருப்பதும், சூரியமின் சேமிப்பில் இருப்பதும் அடிப்படையில் ஒன்றே. ஒரு கலம் பழுதடைந்து சூடேறினால் அந்த வெப்பம் பக்கத்துக் கலத்தையும் கெடுக்கும். அது அடுத்ததை. இதற்கு வெளிக்காற்றுத் தேவையில்லை. ஆகவே காற்றை அடைத்து அணைக்கும் வழிகள் இதை நிறுத்துவதில்லை. சுவாலை இல்லாவிட்டாலும் ஐதரசன், காபனோரொட்சைட்டு முதலான எரிவாயுக்கள் வெளிவந்தபடி இருக்கும்.

2019 ஏப்ரல் 19 மாலை, அரிசோனா மாநிலத்தின் சப்பிறைஸ் நகரிலுள்ள மின்சேமிப்பு நிலையத்தில் புகை தெரிந்தது. உள்ளே தானியங்கி அணைப்பு வாயு ஏற்கெனவே பாய்ச்சப்பட்டிருந்தது. அபாயப் பொருட்களைக் கையாளப் பயிற்சி பெற்ற குழு வந்தது. அவசரப்படவில்லை. தூரத்தில் நின்று அளந்தார்கள், காத்திருந்தார்கள். வெளியே வாயு அளவு குறைந்ததாகத் தெரிந்தபோது, கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்தின் பின், கதவைத் திறந்தார்கள். சில நிமிடங்களில் உள்ளே தேங்கியிருந்த வாயு வெடித்தது. நான்கு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். ஒருவர் 20 மீற்றருக்கு மேல் தூக்கி எறியப்பட்டார்.

யூ.எல். ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை வீரர்களைக் குறை சொல்லவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து அறிய அந்தக் கட்டடத்தில் வழியில்லை. வாயு பாதுகாப்பாக வெளியேறவும் அமைப்பில்லை. கட்டியவர்கள் யோசிக்காததை வீரர்கள் வாசலில் நின்று ஊகிக்க வேண்டியிருந்தது.

2023இல் நியூயோர்க் நகரில் மட்டும் லித்தியம் அயன் பற்றரிகளால் 268 தீவிபத்துகள் ஏற்பட்டு 18 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் உணவு விநியோகம் செய்வோரின் மின்சைக்கிள், ஸ்கூட்டர் பற்றரிகள். அங்கே தரச்சான்று இல்லாத பற்றரிகளை விற்க இப்போது தடை. அதே வேலையில் புலம்பெயர் நாடுகளில் இருக்கும் எம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். மலிவான மாற்றுப் பற்றரியும் பொருந்தாத சார்ஜரும்தான் ஆபத்தைக் கூட்டுபவை. பற்றரியை வாசற்கதவுக்கு அருகே வைத்து சார்ஜ் செய்தால், அது வெடிக்கும்போது வெளியேறும் வழியும் போய்விடும்.

உள்ளே என்ன இருக்கிறது?

2020 ஓகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் களஞ்சியத்தில் தீ என்று பத்துப் பேர் கொண்ட குழு அனுப்பப்பட்டது. உள்ளே 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று பல வருடங்களாகக் கிடந்ததை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பத்துப் பேரும் இறந்தார்கள்.

எமது கடலில் அதன் இன்னொரு வடிவத்தைப் பார்த்தோம். 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரியத் தொடங்கியது. 1,486 கொள்கலன்கள். அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம், லித்தியம் பற்றரிகள், பெருமளவு பிளாஸ்ரிக் மணிகள். அமிலக் கொள்கலன் கசிவதைக் கப்பலில் இருந்தவர்கள் முன்னரே அறிந்திருந்தார்கள். கட்டாரிலும் இந்தியாவிலும் இரண்டு துறைமுகங்கள் அதை இறக்க மறுத்திருந்தன. கடற்படையினரும் துறைமுகத்தினரும் இந்தியக் கரையோரக் காவல்படையினரும் நாட்கணக்கில் போராடினார்கள். தீ ஓய்ந்த பின் கப்பல் மூழ்கியது. மேற்குக் கரை மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமலிருந்தார்கள். 2025 யூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு வழங்க உத்தரவிட்டது.

இலங்கையில் தீயணைப்புச் சேவை பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருக்கிறது. மன்றத்திடம் பணமிருந்தால் வண்டி இருக்கும். 2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தபோது அங்கே தீயணைப்பு நிலையம் இருக்கவில்லை. ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணத்திலிருந்து வண்டி வரவேண்டியிருந்தது. யுத்தத்தில் எல்லாம் இழந்து, கடன்பட்டு மறுபடி தொடங்கிய கடைகள் அவை. நோர்த்புறூக் ஆய்வாளர்கள் செக்கன்களை எண்ணும்போது எமக்கு மணித்தியாலங்கள்.

வண்டி தூரத்தில் இருக்கும் ஊர்களில் முதலில் உள்ளே ஓடுவது அயலவர்தான். சுவாசக்கருவியும் இல்லை, உடையும் இல்லை, பெயர் பதியும் பதிவேடும் இல்லை. அவர்களுக்கும் இந்த ஆராய்ச்சிகளில் எடுத்துக்கொள்ளக்கூடியவை உண்டு. எல்லோரும் வெளியே வந்ததும் கதவைச் சாத்திவிட வேண்டும். உள்ளே ஆளில்லாத வீட்டின் யன்னலை உடைத்துத் திறக்கக் கூடாது. நுரைமெத்தை எரியும் அறைக்குள் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நுழைவது சயனைட்டைத் தடுக்காது. தீயில் நின்ற உடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் வெளியிலேயே கழற்றித் தனியாகத் தோய்க்க வேண்டும், குளிக்க வேண்டும்.

இரவில் படுக்கையறைக் கதவை மூடித் தூங்குவதும் அவற்றில் ஒன்று. யூ.எல். சோதனைகளில், வீட்டின் மற்றப் பகுதி 500 பாகை செல்சியசைத் தாண்டியபோதும் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்த அறையின் வெப்பம் 40 பாகையைத் தாண்டாமல் இருந்தது. அது சாதாரண மரக்கதவு.